வெளிநாட்டுப் பணத்தில் சம்பளம் வாங்கியவளின் ஜார்ஜியா அனுபவம்

ஜார்ஜியா என்றால் நம் ஊரில் எம்.பி.பி.எஸ். படிப்புதான் ஞாபகத்துக்கு வரும். நான் போனது படிக்க அல்ல. மதுரைப் பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தில் பல வருடம் கணக்கு எழுதியவள் நான், எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) கணக்கு என்றால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் தலைநகர் திபிலிசியில் ஒரு சின்ன நிறுவனத்தில் நிதி அலுவலர் வேலை கிடைத்தது. கிராமத்துப் பெண்களுக்கு உள்ளாட்சி நடைமுறை, பட்ஜெட் படிப்பது, மனு எழுதுவது எல்லாம் சொல்லித்தரும் நிறுவனம். 2023 செப்டம்பரில் சேர்ந்தேன், 2025 ஜூலையில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். நடுவில் என்ன நடந்தது என்பதை முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் குறைந்தது பணமாவது தப்பித்திருக்கும். இப்படிப்பட்ட நாடுகளுக்கு இப்படிப்பட்ட வேலைக்குப் போகிற நம் ஆட்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

என் அலுவலகத்துக்குப் போகிற வழி ருஸ்தவேலி சாலை. நாடாளுமன்றம் இருக்கும் தெரு. அந்த நாட்டின் நவீன சரித்திரம் மொத்தமும் அந்த ஒரே தெருவில் நடந்ததோ என்று தோன்றும். 1989 ஏப்ரல் 9 அன்று சோவியத் ராணுவம் அங்கே கூட்டத்தைக் கலைத்ததில் 21 பேர் செத்தார்கள். இரண்டு வருடம் கழித்து அதே தேதியில் சுதந்திரத்தை அறிவித்தார்கள். அந்த வருடக் கடைசியிலேயே அதே கட்டடத்தைச் சுற்றி உள்நாட்டுச் சண்டை. 2003 நவம்பரில் தேர்தல் மோசடியை எதிர்த்து ரோஜாப்பூவோடு நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார்கள். சோவியத் வெளியுறவு அமைச்சராக இருந்த ஷெவர்த்நாட்ஸே அதிபர் பதவியை விட்டு இறங்கினார். அவருக்கு அடுத்து வந்த சாகாஷ்விலியின் கட்சியை 2012-இல் ஓட்டுப் பெட்டி மூலமாகவே இறக்கினார்கள். அப்படி வாக்குச்சீட்டால் ஆட்சி கைமாறியது அங்கே அதுதான் முதல் தடவை. அன்று ஜெயித்தது ரஷ்யாவில் பணம் சம்பாதித்த கோடீஸ்வரர் பிட்ஸினா இவானிஷ்விலியின் ‘ஜார்ஜியக் கனவு’ கட்சி. இன்றுவரை ஆட்சி அவர்களிடம்தான்.

நான் சேரும் முன்பே, 2023 மார்ச்சில், அந்தக் கட்சி ஒரு மசோதாவைக் கொண்டுவந்து, கூட்டம் தெருவில் இறங்கியதும் திரும்பப் பெற்றிருந்தது. வருமானத்தில் 20 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்கும் தொண்டு நிறுவனமும் ஊடகமும் ‘அந்நியச் செல்வாக்கின் முகவர்’ என்று தன்னைத் தானே பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதுதான் அதன் சாரம். நேர்காணலில் இதைப் பற்றிக் கேட்டேன். “அதெல்லாம் முடிந்த கதை” என்றார்கள். அவர்களும் அப்படித்தான் நம்பினார்கள், அதனால் பொய் என்று சொல்ல மாட்டேன். அந்த டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் ஜார்ஜியாவுக்கு உறுப்பினராவதற்கான வேட்பாளர் தகுதி கொடுத்தபோது அலுவலகத்தில் கேக் வெட்டினோம். அதற்குரிய ரசீதை நான்தான் கோப்பில் போட்டேன்.

2024 ஏப்ரல் 3 அன்று அதே மசோதா திரும்பி வந்தது, ‘முகவர்’ என்பதை ‘அந்நிய சக்தியின் நலனுக்காக இயங்கும் அமைப்பு’ என்று வார்த்தை மட்டும் கொஞ்சம் மாற்றி. மே 14 அன்று 84-க்கு 30 என்று நிறைவேறியது. அதிபர் சலோமே ஸுரபிஷ்விலி வீட்டோ போட்டார். மே 28 அன்று நாடாளுமன்றம் அதைத் தள்ளிவிட்டுச் சட்டமாக்கியது. தெருவில் எல்லோரும் அதை ‘ரஷ்யச் சட்டம்’ என்றுதான் சொன்னார்கள், ரஷ்யா 2012-இல் கொண்டுவந்த சட்டத்தின் நகல் என்பதால். பதிவு செய்யாவிட்டால் 25,000 லாரி அபராதம். லாரி என்பது அவர்கள் நாணயம். அப்போது ஒரு லாரி சுமார் முப்பது ரூபாய். எங்கள் மாதாந்திர வாடகை, மின்கட்டணம், இணையம் எல்லாம் சேர்த்தாலும் அதில் ஒரு மூலைக்கு வராது.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். சட்டம் வந்த புதிதில் எனக்கு அது அவ்வளவு பயங்கரமாகத் தெரியவில்லை. நம் ஊரில் வெளிநாட்டுப் பணம் வாங்க அனுமதி வேண்டும், அந்தப் பணம் முதலில் டெல்லியில் ஒரே வங்கிக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் வர வேண்டும், வருடா வருடம் கணக்கு காட்ட வேண்டும். கூடங்குளம் போராட்டத்தின்போது வெளிநாட்டுப் பணம் என்ற பேச்சு எப்படியெல்லாம் அடிபட்டது என்பதையும் பார்த்தவள். அதனால் “பதிவுதானே, போட்டுவிட்டுப் போவோம்” என்றேன். எங்கள் இயக்குநர் அம்மா கோபப்படவில்லை. வெளியே கூட்டிக்கொண்டு போய்க் கதவைக் காட்டினார். கதவு முழுக்கப் போஸ்டர். அவர் முகம், அதன்மேல் துரோகி என்று பெரிதாக. பல நிறுவனங்களின் கதவுகளுக்கும் அந்த மாதம் இதே கதிதான். தெரியாத எண்களிலிருந்து மிரட்டல் அழைப்புகளும் வந்தன. அரசாங்கப் பதிவேட்டில் நாமே போய் அந்தப் பெயரை எழுதிக்கொள்வதும், ஒருவன் ராத்திரியில் கதவில் ஒட்டிவிட்டுப் போவதும் அவருக்கு ஒன்றுதான். எங்களைப் போன்ற பெரும்பாலான நிறுவனங்கள் பதிவு செய்ய மறுத்தன. நூற்றுக்கும் மேற்பட்டவை அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போயின.

ஒரு நடைமுறை விஷயம். இந்த மாதிரி வேலையில் சேரும் முன்பு சம்பளம் எவ்வளவு என்று கேட்கும்போதே, அந்தச் சம்பளம் யார் பணத்திலிருந்து வருகிறது, எந்த மாதம் வரைக்கும் கையெழுத்தாகியிருக்கிறது என்று கேளுங்கள். நன்கொடையாளர் ஒருவரா பலரா, பணம் நேராக வருகிறதா நடுவில் இன்னொரு நிறுவனம் வழியாக வருகிறதா, திட்டப் பணம் நின்றால் எத்தனை மாதம் தாங்கக் கையிருப்பு இருக்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலான இடத்தில் கையிருப்பு என்று ஒன்றும் இருக்காது. திட்டத்துக்கென்று கொடுத்த பணத்தைச் சேமிக்க நன்கொடையாளர் விடமாட்டார். நிதி அலுவலர் என்பதால் எனக்கு இது முதல் வாரமே தெரிந்தது. மற்றவர்களுக்கு நெருக்கடி வந்த பிறகுதான் தெரிந்தது.

அந்தக் கோடையில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அபராதம் அல்ல, ஓர் அலமாரி. கிராமத்துப் பயிற்சிக்கு வரும் பெண்களுக்குப் பஸ் காசு 20 லாரி கொடுப்போம். அதற்கு நன்கொடையாளர் கேட்கும் ஆதாரம் என்ன தெரியுமா? பெயர், ஊர், தொலைபேசி எண், அடையாள எண், கையெழுத்து. காகேத்திப் பக்கம் திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்யும் பெண், பஞ்சாயத்துப் பள்ளியில் சமைக்கும் பெண், அரசாங்கக் குழந்தைகள் காப்பகத்தில் ஆயா. வேலையே அரசாங்கம் கொடுத்தது. அவள் வெளிநாட்டுப் பணத்தில் பயிற்சிக்குப் போனாள் என்று உள்ளூர்க் கட்சிக்காரருக்குத் தெரிந்தால் அடுத்த மாதம் வேலை இருக்காது. அந்தத் தாள்கள் எல்லாம் வரிசையாக, மாதவாரியாக, என் கையால் நூல் கோத்துக் கட்டி வைக்கப்பட்டிருந்தன. நல்ல கணக்கர் என்று எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்த அடுக்கு அது. தணிக்கைக்காகப் பல வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். வழக்கறிஞரிடம் போனோம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: நோட்டீஸ் எதுவும் வராதபோது, நன்கொடையாளரின் எழுத்துப்பூர்வ சம்மதத்தோடு, பெயர்ப் பட்டியலை நாட்டுக்கு வெளியே அவர்களிடம் ஒப்படைக்கலாம், நோட்டீஸ் வந்த பிறகு ஒரு தாளைத் தொட்டாலும் அது குற்றம்.

அப்படியே செய்தோம். சம்மதம் வாங்கவே பல வாரம் ஆனது. நன்கொடையாளரின் தணிக்கைப் பிரிவுக்கு ஊர் நிலவரம் புரியவைப்பது அரசாங்கத்தோடு மல்லுக்கட்டுவதைவிடக் கஷ்டம். அடுத்த வருடம் ஜூனில், ஊழல் தடுப்புப் பணியகம் கேட்டதன் பேரில், பல பெரிய அமைப்புகளிடம் பயனாளிகளின் விவரம் உட்பட எல்லாவற்றையும் கொடுக்கச் சொல்லி நீதிமன்ற உத்தரவுகள் போயின. செய்தியைப் படித்தபோது கை நடுங்கியது. நீங்கள் எந்த நாட்டில் இந்த வேலையில் இருந்தாலும், கையெழுத்துத் தாளில் ஒரு கட்டம் கூடுதலாகப் போடும் முன்பு அது எதற்கு என்று நன்கொடையாளரிடம் கேளுங்கள். பஸ் காசுக்கு அடையாள எண் தேவையில்லை.

நான் தங்கியிருந்தது சபுர்தாலோ பகுதியில், சோவியத் காலத்து அடுக்குமாடி ஒன்றில், ஒரு பாட்டியின் வீட்டுப் பின்அறை. 2022-க்குப் பிறகு ரஷ்யர்கள் கூட்டம் கூட்டமாக வந்து வாடகை எகிறிவிட்டிருந்தது, அதனால் தனி வீடு கட்டுப்படியாகவில்லை. பாட்டியோடு அவர் பேத்தியும் இருந்தாள், பல்கலைக்கழக மாணவி. பேத்தி தினமும் கொடியோடு ருஸ்தவேலிக்குப் போவாள். பாட்டி ஆளுங்கட்சிக்குத்தான் ஓட்டு. தேர்தலுக்கு முன் ஊரெங்கும் பெரிய விளம்பரப் பலகைகள்: ஒரு பக்கம் குண்டு விழுந்து கரிந்த உக்ரைன் நகரம், மறுபக்கம் பளபளவென்ற ஜார்ஜியா, போர் வேண்டாம் என்ற வாசகத்தோடு. பேத்தி அதைப் பார்த்துக் காறித் துப்புவாள். பாட்டிக்கோ தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாமல் மண்ணெண்ணெய் அடுப்பைக் கட்டிக்கொண்டு குளிர்காலத்தை ஓட்டியது ஞாபகம் இருக்கிறது, ரொட்டிக்கு விடியற்காலையில் வரிசையில் நின்றது ஞாபகம் இருக்கிறது, 2008-இல் ரஷ்ய டாங்கிகள் வந்தது ஞாபகம் இருக்கிறது. “ஷ்விலோ, நீ போர் பார்த்ததில்லை” என்பார் என்னிடம். பிள்ளை என்றுதான் கூப்பிடுவார். பாட்டியை முட்டாள் என்று என் சக ஊழியர்கள் சொன்னால் எனக்குப் பிடிக்காது. ஓர் அரசாங்கம் பயத்தை முதலாக வைத்து ஓட்டு வாங்குகிறது என்றால், அந்தப் பயம் நிஜம் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். எங்கள் நிறுவனத்தின் பயிற்சிப் புத்தகத்தில் அந்தப் பயத்துக்குப் பதில் ஒரு பக்கம்கூட இல்லை.

அக்டோபர் 26 தேர்தல். பேத்தி ஒரு சாவடியில் பார்வையாளராக இருந்துவிட்டு ராத்திரி வந்து சொன்னாள். அந்த முறைதான் பெரும்பாலான சாவடிகளில் மின்னணு இயந்திரம். வாக்காளர் வட்டத்தை மார்க்கர் பேனாவால் நிரப்பி, தாளை இயந்திரத்துக்குள் விட வேண்டும். மை தாளின் பின்பக்கம் ஊறித் தெரிந்தது. எந்தக் கட்சிக்குப் போட்டார் என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியும். சாவடி வாசலில் தெரிந்த முகங்கள் பட்டியலோடு நின்றன. யாரையும் அடிக்கவில்லை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. ஆனால் பள்ளிக்கூட ஆயா எந்த வட்டத்தை நிரப்புவாள்? தேர்தல் ஆணையம் ஆளுங்கட்சிக்குச் சுமார் 54 சதவீதம் என்றது. எதிர்க்கட்சிகள் ஏற்கவில்லை. சர்வதேசப் பார்வையாளர்களும் வாக்கு ரகசியம் கெட்டதைத் தங்கள் அறிக்கையில் எழுதினார்கள்.

நவம்பர் 28 அன்று பிரதமர் இராக்லி கொபாகிட்ஸே, ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும் பேச்சுவார்த்தையை 2028 முடியும் வரை எடுக்கப்போவதில்லை என்றார். அன்று ராத்திரி முதல் ருஸ்தவேலி தினமும் நிரம்பியது. தண்ணீர்ப் பீரங்கி, கண்ணீர்ப்புகை, பதிலுக்குப் பட்டாசு. இரண்டு வாரத்தில் நானூறுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தார்கள். எங்கள் அலுவலகத்திலும் ஒரு பையன் மூக்கு உடைந்து வந்தான். நான் கூட்டத்துக்குப் போகவில்லை, போகவும் கூடாது. வெளிநாட்டவளைப் பிடித்தால் அவளுக்கு நாடு கடத்தல், அவர்களுக்கு ‘அந்நியச் சதி’க்கு ஆதாரம். ஆனால் அலுவலகம் அங்கேதானே இருக்கிறது. சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது மெட்ரோ வாசலிலேயே தொண்டை எரியும். முகத்தைத் துணியால் மூட நினைத்தால் பக்கத்தில் இருப்பவர் எச்சரிப்பார், ஏனென்றால் அந்த டிசம்பரிலேயே போராட்டத்தில் முகமூடிக்குத் தடை வந்தது. சாலையை மறித்தால் 5,000 லாரி அபராதம் என்றும் அப்போதே சொன்னார்கள். முன்பு 500. சாலையில் நிற்பதா நடைபாதையில் நிற்பதா என்பது ஒன்றரை லட்ச ரூபாய் விஷயம் ஆகிவிட்டது.

இதிலிருந்து நான் கற்றது: வெளிநாட்டவர் என்ற முறையில் புகைக்குப் பயந்ததைவிட அரசிதழுக்கு அதிகம் பயந்திருக்க வேண்டும். புகை ராத்திரியோடு போய்விடும், திருத்தச் சட்டம் போகாது. எல்லோரும் சண்டையின் நேரலை பார்ப்பார்கள். நீங்கள் வாரத்துக்கு ஒரு நாள் உட்கார்ந்து அந்த வாரம் நாடாளுமன்றத்தில் எந்த மசோதா எந்த வாசிப்பில் (விவாதக் கட்டத்தில்) இருக்கிறது என்று பாருங்கள். அங்கே எல்லாமே மூன்று வாசிப்பு. அவசர நடைமுறை என்று சொல்லிவிட்டால் சில நாளில் முடிந்துவிடும்.

அப்புறம் அடி வந்தது எதிர்பாராத திசையிலிருந்து. எங்கள் பணத்தில் பாதிக்கு மேல் அமெரிக்க அரசு உதவி, நடுவில் ஒரு பெரிய நிறுவனம் வழியாக. 2025 ஜனவரி 20 அன்று டிரம்ப் பதவியேற்ற கையோடு வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தார். அடுத்த சில நாளில் வேலையை நிறுத்து என்று ஒரு மின்னஞ்சல். செய்து முடித்த வேலைக்கான பாக்கியும் அதோடு நின்றது. எந்த நாட்டின் கைக்கூலி என்று எங்கள் கதவில் போஸ்டர் ஒட்டினார்களோ, அந்த நாடே எங்களை ஒரே மின்னஞ்சலில் கழற்றிவிட்டது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் எல்லோரும் டீ குடித்தோம்.

மிச்சம் இருந்தது ஐரோப்பியப் பணம். ஏப்ரல் 1 அன்று இரண்டாவதாக, சிறைத் தண்டனையோடு இன்னொரு அந்நிய முகவர் சட்டம் வந்தது, மே 31 முதல் அமல். ஏப்ரல் 16 அன்று நன்கொடைச் சட்டத்தைத் திருத்தினார்கள்: வெளிநாட்டு நன்கொடைக்கு இனி அரசாங்க ஒப்புதல் வேண்டும், இல்லாமல் வாங்கினால் நன்கொடையைப்போல இரண்டு மடங்கு அபராதம். வந்துகொண்டிருந்த தவணையை நன்கொடையாளரே நிறுத்தினார். வங்கி மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் ஒவ்வொரு வரவுக்கும் காகிதம் கேட்டார். மே கடைசியில் நிறுவனத்தைக் கலைக்க முடிவு. ஏப்ரல் சம்பளத்தில் பாதி கிடைத்தது. மீதிப் பாதி, மே மாதம், பணிநீக்கத்துக்குச் சட்டப்படி தர வேண்டிய ஒரு மாதம், மொத்தம் சுமார் 9,000 லாரி எனக்கு வர வேண்டும். ஏறக்குறைய இரண்டே முக்கால் லட்சம் ரூபாய். அந்தச் சம்பளப் பட்டியலைத் தயாரித்து, என் பெயருக்கு நேரே பாக்கி என்று எழுதியதும் நான்தான்.

வேலை போனதும் குடியிருப்பு அனுமதியின் காரணமும் போய்விடுகிறது. அந்த வாரங்கள்தான் எனக்கு மிக மோசமானவை. சக ஊழியர்கள் நாட்டை நினைத்து அழுதுகொண்டிருந்தார்கள், நான் விமான டிக்கெட் விலையை நினைத்து. அவர்கள் முன்னால் என் பாக்கியைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருந்தது. வீட்டுக்குப் போன் செய்தால் அண்ணன், “துபாய் போயிருந்தா இந்நேரம் ஒரு பிளாட் வாங்கியிருக்கலாம்” என்பார். யாரிடம் சொல்வது? ராத்திரி ஒரு மணிக்குக் கணினியில் ஒப்பந்தத்தைத் திறந்து திறந்து படிப்பேன். திரும்பும் பயணச் செலவு பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. நீங்கள் கையெழுத்துப் போடும் முன் அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்: எந்தக் காரணத்தால் வேலை முடிந்தாலும் திரும்பும் டிக்கெட் நிறுவனத்தின் செலவு, அதற்கான தொகை முதல் மாதமே ஒதுக்கப்படும் என்று. பட்ஜெட்டில் முப்பதாயிரம் ரூபாய் சின்ன வரி. நன்கொடையாளர் யாரும் மறுக்க மாட்டார். சேமிப்பை அந்த நாட்டு நாணயத்தில், அதே வங்கியில் வைக்காமல் மாதா மாதம் ஊருக்கு அனுப்பிவிடுங்கள். நான் அதை மட்டும் ஆரம்பத்திலிருந்தே செய்தேன், அதனால்தான் கடன் வாங்காமல் வர முடிந்தது.

கலைப்பு என்று பேச்சு எழுந்த அன்றே காகிதங்களை வாங்கிக்கொள்ளுங்கள். பணி அனுபவச் சான்று, கடைசிச் சம்பளச் சீட்டுகள், பாக்கியை ஒத்துக்கொண்டு முத்திரையோடு ஒரு கடிதம், வரி பிடித்ததற்கான சான்று. ஒரு மாதம் தள்ளிப்போனால் கையெழுத்துப் போட ஆளே இருக்காது. எங்கள் வரவேற்பறைப் பெண் ஜூனில் போலந்துக்குப் போய்விட்டாள். ஆகஸ்ட் 27 அன்று ஏழு பெரிய அமைப்புகளின் வங்கிக் கணக்குகளை அரசு வழக்கறிஞர் அலுவலகம் முடக்கியதாகச் செய்தி வந்தபோது நான் மதுரையில் இருந்தேன். முடங்கிய கணக்கிலிருந்து சம்பள பாக்கி வாங்க எத்தனை வருடம் ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பாட்டி முன்பணத்தை முழுசாகத் திருப்பிக் கொடுத்தார், டாலரில், கைக்குட்டையில் முடிந்து. பேத்தி அந்த வாரம் பாட்டியோடு பேசிக்கொண்டிருக்கவில்லை. பேச்சை நிறுத்தியதற்குக் காரணம் பத்திரிகையாளர் ம்ஸியா அமக்லொபெலி. ஜனவரியிலிருந்து அவர் சிறையில். ஒரு போலீஸ் அதிகாரியை அறைந்தால் சிறைதானே என்று பாட்டி சொல்லிவிட்டாராம். ஆகஸ்டில் அவருக்கு இரண்டு வருடம் தண்டனை கொடுத்தார்கள்.

ஊருக்கு வந்த பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கும், அதை மறந்துவிடாதீர்கள். நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் இருந்துவிட்டால், அந்த ஏப்ரலுக்குப் பிறகு அங்கே வாங்கிய சம்பளத்தையும் இங்கே வருமான வரியில் காட்ட வேண்டும். அங்கே 20 சதவீதம் ஏற்கெனவே பிடித்திருப்பார்கள். அதைக் கழித்துக்கொள்ள அதற்கென்று உள்ள படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும், கூடவே அந்த வரிச் சான்றும் வேண்டும். ஜார்ஜிய மொழியில் மட்டும் இருந்தால் இங்கே ஆடிட்டர் கையை விரித்துவிடுவார். கிளம்பும் முன்பே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து நோட்டரி முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள். திபிலிசியில் அதற்கு ஒரு மத்தியானம் போதும்.